குதிரைக் கழுத்துல சலங்கை

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். ரிலீஸ், அதுக்கப்புறம் ரிலீஸ்ல உடைஞ்சதை ஒட்டுற வேலை, அதுக்கப்புறம் யார் உடைச்சாங்கன்னு ஒரு மீட்டிங். அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு ஒரு பெரிய கொசுவத்தி சுத்தப் போறேன். வழக்கம்போல கூக்கால் கதைதான். ஆனா பாதிக்கதை பம்பாய் மாட்டுங்காவுல நடக்கும், நடுவுல தஞ்சாவூரும் வரும். பொறுத்துக்குங்க.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: கூக்கால்ங்கறது கொடைக்கானல்ல இருந்து பூம்பாறையைத் தாண்டிப் போனா வர்ற எங்க மலைக் கிராமம். ஏரி உண்டு, சோலைக்காடு உண்டு, படிப்படியா வெட்டின வயல்ல பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் உண்டு. செல்போன் சிக்னல் மட்டும் அதுக்கு மனசு இருந்தா வரும்.

2023 ஜனவரி. குடியரசு தினம் வியாழக்கிழமை வந்துச்சு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு லீவைப் போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். முதல் நாள் ராத்திரி டிவியில பத்ம விருது அறிவிப்பு. அப்பா வாணி ஜெயராம் ரசிகர். பத்மபூஷன்னு பேர் வந்ததும் தனக்கே கொடுத்த மாதிரி நிமிர்ந்து உக்காந்துட்டார். (பத்தே நாள்ல அந்தம்மா இறந்துபோன செய்தியும் வந்துச்சு. அது வேற சோகம்.) அம்மா ஒரு ஓரமா உக்காந்து பூண்டு பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. தமிழ்நாட்டுல பத்மஸ்ரீ வாங்கினவங்க பேரை வரிசையா வாசிச்சாங்க. பாம்பு பிடிக்கிற வடிவேல் கோபால், மாசி சடையன், அப்புறம் நாட்டியக் கலைஞர் கே. கல்யாணசுந்தரம் பிள்ளை. அம்மா கை நின்னுருச்சு.

"இவரு எங்க டீச்சரக்காவோட வாத்தியார் குடும்பம்."

"எந்த டீச்சரக்கா?"

"டான்ஸ் டீச்சரக்கா. மாட்டுங்காவுல."

இருபத்தஞ்சு வருஷமா அம்மா கையால சாப்பிட்டவன் நான். அம்மா சின்ன வயசுல பம்பாய்ல இருந்தாங்கன்னு தெரியும். தாத்தா அங்க ஒரு மில்லுல கணக்கெழுதினார்னும் தெரியும். டான்ஸ்ங்கற வார்த்தையை அம்மா வாயில இருந்து அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். அப்பா டிவி சத்தத்தைக் குறைச்சார். அதிலேயே புரிஞ்சுபோச்சு, அவருக்குத் தெரியும்னு.

அன்னிக்கு ராத்திரி அம்மா சொன்னதைப் பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த வாத்தியார் குடும்பத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். சென்னைக்குத் திரும்பினப்புறம் ஒரு மாசம், பொட்டி தட்டுற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தேன்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவுல திருவிடைமருதூர். மகாலிங்கசுவாமி கோயில் இருக்கே, அந்த ஊர்தான். அங்க பஞ்சாபகேச நட்டுவனார்னு ஒருத்தர். நட்டுவனார்னா ஆடுறவர் இல்லை, ஆட வைக்கிறவர். தட்டுக்கழியைத் தட்டி, சொல்லுக்கட்டைச் சொல்லி, பாட்டையும் ஆட்டத்தையும் ஒரு கயித்துல கட்டி நிறுத்துறவர். அவரும் சேட்லூர் நாராயண ஐயங்காரும் சேர்ந்து 1886-ல 'அபிநய நவநீதம்'னு ஒரு புத்தகம் போட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா டாக்குமெண்டேஷன். 1886-லயே டாக்குமெண்டேஷன் எழுதியிருக்கார் மனுஷன், நம்ம டீம்ல இன்னும் ஒருத்தன் எழுத மாட்டேங்கறான்.

அவர் மகன் குப்பையா பிள்ளை. குப்பையா பிள்ளையோட மகள் கருணாம்பாள். மருமகன் கோவிந்தராஜ பிள்ளை. இந்தக் கணவனும் மனைவியும் 1945-ல, குப்பையா பிள்ளையோட வழிகாட்டுதல்ல, பம்பாய்ல ஒரு பள்ளி தொடங்குறாங்க. பேரு ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர். இடம் மாட்டுங்கா. குப்பையா பிள்ளையோட மகன்கள் மகாலிங்கம் பிள்ளையும், 1932-ல பிறந்த கல்யாணசுந்தரம் பிள்ளையும் பின்னாடி அதுலயே வாத்தியார் ஆனாங்க. டிவியில பேர் வந்தது அந்த இளைய மகன்தான். அடுத்த தலைமுறையும் இதே வேலைக்கு வந்தாச்சு. அப்பா, மகன், மகள், மருமகன், மச்சினன். ஊர்ல மளிகைக் கடை நடத்துற மாதிரி ஒரு குடும்பம் டான்ஸ் பள்ளி நடத்தியிருக்கு.

திருவிடைமருதூர்க்காரங்க ஏன் பம்பாய் போகணும்? இதுதான் எனக்கு முதல்ல மண்டையில ஏறல. கோயில், அரண்மனை, மிராசுதார் வீட்டுக் கல்யாணம்னு இருந்த சோறு அதுக்குள்ள வத்திப்போச்சுங்கறதுதான் விஷயம். தஞ்சாவூர்ல சரபோஜி மன்னர் காலத்துல சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலுன்னு நாலு சகோதரர்கள் இருந்தாங்க, தஞ்சை நால்வர்னு சொல்வாங்க. இன்னிக்கு எந்த அரங்கேற்றத்துக்குப் போனாலும் அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானான்னு வரிசையா வருதே, அந்த வரிசையைக் கட்டினவங்க இவங்கதான்னு சொல்றாங்க. ராஜா இருந்தவரைக்கும் வேலை இருந்துச்சு. அப்பவே வேலை தேடி ஊர் மாறுறதும் இருந்துச்சு. வடிவேலு திருவனந்தபுரத்துல சுவாதித் திருநாள்கிட்ட, சின்னையா மைசூர்ல. நாம பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போறோமே, அந்தக் கதைதான்.

இதுல எனக்குப் பிடிச்சது பரோடா கதை. 1880-ல பரோடா ராஜா சாயாஜிராவ் கட்டிக்கிட்டது தஞ்சாவூர்ப் பொண்ணு. பொண்ணோட சேர்த்து ஆடுறவங்களையும் நட்டுவனார்களையும் அனுப்பி வெச்சாங்க. அப்படிப் போன கண்ணுசாமி நட்டுவனாரோட மகன் குபேர்நாத், அங்க 'தஞ்சோர்க்கர்' ஆயிட்டார். குபேர்நாத் தஞ்சோர்க்கர்! பரதம் சொல்லிக்கொடுத்த குஜராத்தித் தமிழர்.

அப்புறம் காலம் மாறுது. முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள்ள போய்ப் பொட்டுக்கட்டுறதை ஒழிக்கணும்னு போராடுறாங்க. 1947-ல சென்னை மாகாணத்துல சட்டமே வந்துருது. இந்தப் பக்கம் 1935-ல ருக்மிணி தேவி மேடை ஏறுறாங்க, மறு வருஷம் கலாக்ஷேத்ரா. அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவங்கள்ல முக்கியமானவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அவரும் நட்டுவனார் குடும்பம்தான், நால்வரோட வழி. ருக்மிணி தேவிக்கு முதல்ல ஆசை வந்தது பாலே மேல. ரஷ்யாவோட அன்னா பாவ்லோவாவைப் பார்த்து மயங்கி, பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே படிச்சாங்க. உன் நாட்டு ஆட்டத்தைப் போய்ப் பாருன்னு சொன்னதே பாவ்லோவாதான்னு சொல்வாங்க.

சட்டம் வந்தது நல்லதுக்குத்தான். அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா கணக்கு எப்படி முடிஞ்சதுன்னு பார்த்தா மனசு ஒரு மாதிரி ஆகுது. இந்தக் கலையைத் தூக்கிச் சுமந்தது ரெண்டு பேர். ஆடின பொண்ணுங்க, ஆட்டுவிச்ச ஆம்பளைங்க. புதுசா வந்த குடும்பத்துப் பொண்ணுங்களுக்கு வாத்தியார் வேணும், அதனால ஆம்பளைங்களுக்கு மாட்டுங்காவுல வேலை கிடைச்சுது. ஆடின பொண்ணுங்கள்ல நிறைய பேர் சலங்கையைக் கழட்டி வெச்சதோட சரி. பாலசரஸ்வதி மாதிரி ஒருத்தர் ரெண்டு பேர்தான் விடாம நின்னாங்க. அதனாலதான் கருணாம்பாள்னு ஒரு பேரு அந்தப் பள்ளியைத் தொடங்கினவங்க பட்டியல்ல இருக்கறதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன்.

மாட்டுங்கா அப்போ தமிழர்கள் நிறைஞ்ச இடம். ரயில்வே, பேங்க், கம்பெனின்னு ஆபீஸ் வேலைக்குப் போனவங்க. கோயில், ஆஸ்திக சமாஜம், தமிழ் படிக்கப் பள்ளிக்கூடம், இட்லிக்கடை, பூக்கடைன்னு ஒரு முழு ஊரையே அங்க இறக்கி வெச்சிருந்தாங்க. அதுல குறைஞ்சது டான்ஸ் வாத்தியார்தான். அவரும் வந்துட்டார்.

அங்க படிச்ச ஒரு பொண்ணு, கல்யாணம் ஆனப்புறம் தன் வீட்டு ஹால்ல சோபாவை நகர்த்திட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. அவங்கதான் அம்மாவோட டீச்சரக்கா. இனி அம்மா கதை.

1980-ல அம்மாவுக்கு எட்டு வயசு. அம்மாச்சி கூடவே காய்கறிக் கடைக்குப் போறப்ப, அந்த வீட்டு ஜன்னல் வழியா 'தெய்யா தெய்'னு சத்தம் கேக்குமாம். ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நகர மாட்டாங்களாம். ஒரு நாள் டீச்சரக்காவே கதவைத் திறந்து, "உள்ள வந்து நில்லு, வெளிய நின்னா கால் மடங்காது"ன்னாங்களாம். ஆறு மாசம் வெறும் தட்டடவுதான். அரைமண்டியில உக்காந்து, மூணு காலத்துலயும். அப்புறம் நாட்டடவு. அலாரிப்பு முழுசும் வந்துருச்சு. ஜதீஸ்வரம் ஆரம்பிச்சாங்க.

1982 ஜனவரி 18-ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில பம்பாய் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்குது. சுமார் ரெண்டரை லட்சம் பேர். வருஷம் தாண்டியும் முடியல, நிறைய மில்லுங்க அப்புறம் திறக்கவே இல்லை. தாத்தா கணக்கெழுதின மில்லும் மூடிருச்சு. டான்ஸ் ஃபீஸ் கட்ட வழியில்லை. டீச்சரக்கா ஃபீஸ் கேக்காம ஆறு மாசம் சொல்லிக்கொடுத்தாங்களாம். 1983-ல தாத்தா குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு கூக்காலுக்கே திரும்பிட்டார். கிளம்புற அன்னிக்கு டீச்சரக்கா தான் சின்ன வயசுல கட்டி ஆடின சலங்கையைத் துணியில சுத்தி அம்மா கையில கொடுத்தாங்க. தோல் பட்டையில வரிசை வரிசையா தைச்ச வெண்கல மணி. "ஜதீஸ்வரத்துல நாலாவது கோர்வை பாக்கி இருக்கு, லீவுக்கு வா, முடிச்சுரலாம்"னாங்களாம்.

லீவுக்கு யார் போறது?

அம்மாவை அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்தாங்க. அத்தை மகன்தான் எங்க அப்பா, அத்தைதான் எங்க அப்பத்தா. கல்யாணமான புதுசுல, வீட்டுல யாரும் இல்லைன்னு நினைச்சு பூண்டு காயப்போடுற களத்துல ஒரு நாள் அம்மா சலங்கை கட்டிக்கிட்டாங்க. அப்பத்தா வந்துருச்சு. "நம்ம என்ன கூத்தாடிக் குடும்பமா?" ஒரே கேள்விதான். சலங்கை பரணுக்குப் போயிருச்சு. அப்பா எதுவும் சொல்லல. இதைச் சொல்றப்ப அப்பா டிவியைப் பார்த்துக்கிட்டே இருந்தார், அதுல விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"அப்புறம் அந்த சலங்கை எங்கம்மா?"

அம்மா சிரிச்சாங்க. "நீதான் அதைக் கேட்டுக்கிட்டே தூங்குவியே தம்பி."

எங்க வீட்டுல ஒரு மட்டக்குதிரை இருந்துச்சு. காட்டுல இருந்து ரோட்டுக்கு மூட்டை சுமக்கறதுக்கு. எங்க ஊர்ல பனி இறங்கினா நாலடி தூரத்துல வர்றது தெரியாது, அதனால குதிரைக் கழுத்துல மணி கட்டுவாங்க, சத்தம் கேட்டு எதிர்ல வர்றவன் ஒதுங்கிக்குவான். எங்க குதிரை மணி மட்டும் ஊர்லயே தனியாத் தெரியும். மத்ததெல்லாம் டங்கு டங்குன்னு அடிக்கும், எங்களுது கொத்தா, சலசலன்னு வரும். சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டா சித்தப்பா வர்றார்னு ஓடுவேன். என்னை மேல தூக்கி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வருவார். சின்ன வயசுல பிடிச்ச சத்தம் எதுன்னு யாராவது கேட்டா, மழையையும் குயிலையும் விட்டுட்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்தப் பக்கத்துலயே ஒரு தடவை அதைப் பத்தி உருகி உருகி எழுதியிருக்கேன்.

சித்தப்பா பரண்ல என்னமோ தேடப் போய், சலங்கையைப் பார்த்து, தோலை அறுத்து மணியைக் கோத்துக் கட்டியிருக்கார். அவருக்கு விவரம் தெரியாது, அவர் மேல தப்பே இல்லை. அம்மா பார்த்திருக்காங்க. ஒண்ணும் சொல்லல.

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? பரண்ல கிடந்து துருப்பிடிக்கறதுக்குக் குதிரையாவது கட்டிக்கிட்டு நடக்கட்டுமே."

வெண்கலம் துருப்பிடிக்காதும்மான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நல்லவேளை, சொல்லல.

குதிரை செத்து வருஷக் கணக்காச்சு. மணியில பாதி காட்டுலயே உதிர்ந்து போச்சு. மிச்சத்தை அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சிருக்காங்க. எண்ணினேன், இருபத்தியேழு.

அந்த வருஷக் கடைசியில ஆபீஸ் வேலையா மூணு வாரம் மும்பை போற மாதிரி வந்துச்சு. ஒரு சனிக்கிழமை மாட்டுங்கா போனேன். அம்மா சொன்ன அடையாளம் எல்லாம் 1983 அடையாளம். பூக்கடை வரிசை இருக்கு, கோயில் இருக்கு. டீச்சரக்கா வீடு இருந்திருக்க வேண்டிய இடத்துல ஒரு அடுக்குமாடி. வாட்ச்மேன்கிட்ட நம்ம இந்தியில என்ன விசாரிக்கறது? நாப்பது வருஷம் முன்னாடி இங்க ஒரு தமிழ்க்காரம்மா டான்ஸ் சொல்லிக்கொடுத்தாங்கன்னு சொன்னா, அவர் பாவமாப் பார்த்தார். ராஜராஜேஸ்வரி பள்ளியைத் தேடிப் போகலாம்னு நினைச்சேன். போய் யாருன்னு சொல்றது? உங்க மாணவியோட மாணவியோட மகன், கால்ல தாளம் நிக்காது, குதிரையில உக்காந்து உங்க சலங்கைச் சத்தம் கேட்டிருக்கேன்னா? ஒரு காபியைக் குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கறேன்.

ஆனா அன்னிக்கு ராத்திரி ரூம்ல தூக்கம் வரல, பாலே பள்ளிகளைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தேன். டென்மார்க்ல அந்துவான் போர்னோன்வில்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1792-ல கோபன்ஹேகன் வந்து தங்கிட்டார். அவர் மகன் ஆகஸ்ட் போர்னோன்வில் 1830-ல இருந்து அங்க ராஜ பாலேவை நடத்தினவர். 1879-ல அவர் இறந்தப்புறம், அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை எல்லாம் அவரோட சீடர் வழியில வந்தவங்க கிழமை வாரியாப் பிரிச்சு வெச்சுட்டாங்க. திங்கள் வகுப்பு, செவ்வாய் வகுப்புன்னு சனி வரைக்கும். வருஷக் கணக்கா திங்கக்கிழமைன்னா அதே பயிற்சி, அதே இசை, அதே வரிசை. பிள்ளைங்களுக்கு அலுத்துப்போற அளவுக்கு. அந்த அலுப்புதான் காப்பாத்தியிருக்கு. புத்தகத்துல இருந்ததை விட உடம்புல இருந்தது பத்திரமா இருந்திருக்கு. படிச்சப்ப எனக்கு அம்மாவோட ஆறு மாசத் தட்டடவு ஞாபகம் வந்துச்சு. நாப்பது வருஷமா ஒத்திகையே பார்க்காத பேக்கப். ரெஸ்டோர் ஆகுமா ஆகாதான்னு எந்த அட்மினும் உத்தரவாதம் கொடுக்க மாட்டான்.

ரெஸ்டோர் ஆச்சு. காரணம் நான் இல்லை, அக்கா பொண்ணு. எட்டு வயசு, திண்டுக்கல்ல இருக்கா. இந்த வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு கூக்கால் வந்தவ, ஹார்லிக்ஸ் பாட்டிலை ஆட்டி ஆட்டி, "அம்மாச்சி இது என்ன, இது என்ன"ன்னு உயிரை எடுத்துட்டா. மூணாவது நாள் அம்மா களத்தைக் கூட்டிவிட்டு அவளை நிக்க வெச்சாங்க. தட்டுக்கழிக்குப் பூரிக்கட்டை, தட்டுமனைக்கு ஒரு பழைய பலகை. "வெளிய பார்க்காத, முட்டியை மடக்கு, இன்னும், இன்னும்." ஐம்பத்தி மூணு வயசுல, வயல்ல குனிஞ்சு குனிஞ்சு தேஞ்ச முட்டியோட, அம்மா அரைமண்டியில உக்காந்து காட்டினாங்க. பூண்டு பிரிக்கிற அம்மா இல்லை அது. முதுகு அப்படியே நேரா நின்னுச்சு. நான் வீடியோ எடுக்க போனைத் தூக்கினேன், அம்மா பூரிக்கட்டையைக் காட்டினாங்க, உள்ள வெச்சுட்டேன்.

அப்பத்தா கட்டில்ல உக்காந்துக்கிட்டு "காதடைக்குது"ன்னு முனகிக்கிட்டே இருந்துச்சு. கட்டிலைத் திருப்பிப் போடவான்னு கேட்டேன். வேணாம்னுருச்சு.

பதினஞ்சு நாள்ல தட்டடவு மூணு காலமும் வந்துருச்சு குட்டிக்கு. அலாரிப்பு பாதி. அவ ஊருக்குப் போறதுக்கு முதல் நாள் அம்மாவை ஜதீஸ்வரம் ஆடிக்காட்டச் சொன்னா. அம்மா ஸ்வரத்தை முணுமுணுத்துக்கிட்டே முதல் கோர்வை, ரெண்டாவது, மூணாவது. அப்புறம் நின்னுட்டாங்க.

"அப்புறம் அம்மாச்சி?"

"அவ்வளவுதான் தெரியும் சாமி."

யூடியூப்ல தேடினேன். ஜதீஸ்வரம்னு போட்டா நூத்துக்கணக்கா வருது. ஏரிக்கரையில சிக்னல் கிடைக்கிற பாறை மேல உக்காந்து ஒண்ணொண்ணா இறக்கி அம்மாகிட்ட காட்டினேன். "இது வேற." "இதுவும் வேற." "இது ராகம் அது மாதிரி இருக்கு, ஆனா அடவு வேற." முப்பதாவதுல அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

அதனால நானே டிக்கெட் போட்டுட்டேன். நாகர்கோவில் - மும்பை எக்ஸ்பிரஸ், திண்டுக்கல்ல ஏறி தாதர்ல இறங்கணும். அம்மா, அக்கா பொண்ணு, நான். உருளைக்கிழங்கு வேலையை யார் பார்க்கறதுன்னு அப்பா கேட்டார். அப்புறம் அவரே சித்தப்பாவுக்கு போன் பண்ணி ஆள் சொல்லிட்டார். அம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கல. நேத்து போன்லயும் அதே கேள்விதான்.

"அங்க போய் என்னன்னு சொல்லிடா நிக்கறது? நாப்பது வருஷம் கழிச்சு பாக்கிப் பாடத்துக்கு வந்திருக்கேன்னா?"

பாட்டில்ல இருந்த மணி இருபத்தியேழையும் புளி போட்டுத் தேய்ச்சாச்சுன்னு அக்கா பொண்ணு பின்னாடி இருந்து கத்துனா. ரயில் அடுத்த மாசம் ஒம்போதாம் தேதி.